போத்தல் நிறைய இருந்தது

பேசினால் வாயில் புகை வரும் குளிர் நானுஓயாவில்.
யோகராணி வேனுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தாள்.
ஹீட்டரை முழுக்கத் திறந்து, கண்ணாடி எல்லாம் இறக்கி,
எஞ்சினின் காய்ச்சலைத் தன் மடியில் வாங்கியபடி
ரதல்ல ஏற்றம் முழுதும் ஓட்டி வந்திருக்கிறாள்.
ஹோட்டல் சலவைக்குப் போகும் ஒன்பது பேரும்
ஸ்டேஷனடியில் இறங்கி பஸ் பிடித்தாயிற்று.
"அரை நாள் வெட்டுவாங்க அவங்களுக்கு.
நாளைக்கு என் வேன்ல ஏறுவாங்களா பாஸ்?"

சீட்டைத் தூக்கினால் எஞ்சின்.
தூக்கினேன், தொடவில்லை.
சூட்டோடு மூடி திறந்த கையை
என் அண்ணனிடம் பார்த்திருக்கிறேன்:
முழங்கை வரை வெளுப்பு, முடி முளைக்காது.
ஆறட்டும் என்று பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன்.
அவள் பையிலிருந்து ஒரு கொப்பி எடுத்தாள்,
மகனின் கணக்குக் கொப்பி, பின்பக்கத்திலிருந்து:

ஜூன் 9. ஹட்டன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசினார். 4,500.
ஜூன் 21. வோட்டர் பம்ப் புதுசு. 18,000. காப்பு அடகு.
ஜூலை 2. ஹெட் கெஸ்கட் போயிருக்காம்.
கழற்றாமலே சொன்னார்.
ஜூலை 3. கழற்றினார். 46,000.
ஜூலை 11. திரும்பக் கொதிச்சது.

செலவுகளுக்கு நடுவே, பொடி எழுத்தில்,
யாரும் கேட்காத வேறு சில வரிகள்:
இறக்கத்தில் முள் பாதியில் நிற்கும்.
ஏற்றத்தில், மூன்றாம் வளைவு தாண்டினதும் ஏறும்.
விடிய எழும்பிப் பார்த்தால் மேல் பைப் ஒட்டிப்போய்க் கிடக்கும்,
பல்லுப் போனவர் கன்னம் மாதிரி.
போத்தலில் தண்ணி குறையவே இல்லை.

கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன்.

போத்தல் நிறைய இருந்தது.
ஹட்டனில் போத்தலைப் பார்த்தார்கள்.
லிந்துலையில் போத்தலைப் பார்த்தார்கள்.
தண்ணி இருக்கே என்றார்கள்.
உண்மையைச் சொன்னால்
அவள் வந்து நின்றதும் நானும்
போத்தலைத்தான் பார்த்தேன்.

துணி போட்டு மூடியைத் திருகினேன்.
ஒரு சீறல் இல்லை.
விரல் விட்டேன். இரண்டாம் கணு வரை காய்ந்த தகரம்.
மூடியைக் கவிழ்த்தால்
ரப்பர் வெடித்திருந்தது. நடுவில் இருக்கும் குட்டி வால்வு
துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது.
சூட்டில் தண்ணியை வெளியே துப்பும்.
ஆறும்போது திரும்பக் குடிக்கத் தெரியாது.
பக்கத்திலேயே நிறைகுடம், உள்ளே தாகம்.

"இந்த உயரத்துல தண்ணி சுருக்கா கொதிக்கும்.
அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிறது மூடிதான்."
"அதான் எங்க லயத்துல பருப்பு வேகமாட்டேங்குது" என்றாள்.
அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தரம்.

நவ்ஷாத் கடையில் புது மூடி 1,250.
உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.
"இது முதல்லயே போயிருந்துச்சா?
இல்ல, கொதிச்சுக் கொதிச்சுப் போச்சா?"
தெரியாது என்றேன்.
எண்பதாயிரத்துக்குப் பக்கத்தில் வைக்க
வேறு சொல் என்னிடம் இல்லை.
ஹெட் வளைந்திருக்கவும் கூடும் என்றேன்.
தண்ணி நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு,
குமிழி வருகிறதா என்று குனிந்து நின்றோம்,
தலையும் தலையும் முட்ட, பத்து நிமிஷம்.
வரவில்லை.
இன்றைக்கு வரவில்லை.

ரதல்ல அடிவாரம் வரை இறங்கித் திரும்பினோம்.
உர மூட்டை ஏற்றிய பட்டா ஒன்று முன்னால் ஊர,
முதல் கியரில், மூன்றாம் வளைவு.
அவள் முள்ளைப் பார்த்தாள்.
அவளுக்காக நான் ரோட்டைப் பார்த்தேன்.
நாலாம் வளைவு. பாதி.
ஸ்டேஷன் தெரிந்தது. பாதி.

ஓரங்கட்டி, கொப்பியில் எழுதினாள்: மூடி. 1,250.
கோடு போட்டுக் கூட்டவில்லை.
போனை எடுத்து ஒன்பது பேரில்
முதல் நம்பரை அழுத்தினாள்.
மணி போய்க்கொண்டே இருந்தது.